முன்பக்கத்துச் சைப்பிரஸ் மரங்கள்

வெள்ளிக்கிழமை துவைத்துப் போட்ட படுக்கை விரிப்பு திங்கட்கிழமையும் கொடியில் ஈரத்தோடுதான் தொங்கியது. சத்தியபாமா அதை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். பூஞ்சண நாற்றம். மறுபடியும் துவைக்க வேண்டும், மறுபடியும் காயாது.

பண்டாரவளைக்குத் தை மாதக் குளிர் புதிதல்ல. விடியும்போது மூடுபனி, சற்றுப் பொறுத்துக் கண் கூசும் வெயில், பின்னேரமானதும் பல் கிட்டுகிற குளிர். நடுவில் கிடைக்கிற அந்த வெயிலில் ஊரெல்லாம் மெத்தையும் தலையணையும் மிளகாயும் காயும். அவளுடைய வளவுக்குள் மட்டும் வெயில் வராது. பகலிலும் முன் அறையில் மின்விளக்கைப் போட்டால்தான் பேப்பர் படிக்கலாம். முழங்கால் வாதத்துக்கு மருந்து எழுதிய டொக்டர், "காலமையில வெயில்ல இருங்கோ ரீச்சர், அது போதும்" என்றார். வெயிலுக்கு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

எல்லாம் மரங்களால் வந்தது. அவளுடைய கணவர் பத்மநாதன் அரசாங்கக் கச்சேரியில் இலிகிதராக மாற்றலாகி வந்து, இந்தச் சரிவில் காணி வாங்கி வீடு கட்டிய காலத்தில் தன் கையாலே நட்ட மரங்கள். பின்வளவில் ஒரு பியர்ஸ், பேரிக்காய் மரம். பக்கத்தில் ஓர் ஆனைக்கொய்யா. வீதியோரக் குட்டை மதிலை ஒட்டி வரிசையாகச் சைப்பிரஸ். சைப்பிரஸை அவர் மரமாக நினைத்து வைக்கவில்லை, வேலிக்காக வைத்தார். மார்கழி மழை விட்டதும் கயிறு கட்டி மட்டம் பிடித்து, இடுப்பளவில் கத்தரித்துவிடுவார். வீதியால் போகிறவர்கள் நின்று, "மாத்தயா, வெட்ட லஸ்ஸனய்" என்று சிங்களத்தில் வேலியின் அழகைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் தமிழர் வீடுகளைத் தேடி, அந்த வேலியைத் தாண்டி ஒரு கூட்டம் வந்தது. புருஷனும் பெண்சாதியும் பின்மதிலில் ஏறிக் குதித்து, பின்வீட்டுத் தாஸிமின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். யன்னல்கள் போயின. தளபாடங்கள் முற்றத்தில் எரிந்தன. சுவரும் கூரையும் தப்பின. கூட்டத்தில் வந்த இரண்டொருவரைப் பத்மநாதனுக்குத் தெரியும். வேலியைப் பார்த்து லஸ்ஸனய் என்று சொன்னவர்கள்தான்.

அதற்குப் பிறகு அவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய்விடலாம் என்று அவள் சொன்ன காலமும் உண்டு. அவர் போகவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை. வேலி மட்டும் வளர்ந்தது. தோளளவு, தலையளவு, பிறகு கூரைக்கு மேல். சைப்பிரஸை வெட்டாதவர் பியர்ஸையும் வெட்டவில்லை, ஆனைக்கொய்யாவையும் வெட்டவில்லை. இருபது வருடத்தில் வீடு வீதிக்குத் தெரியாமல் போயிற்று. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு ஊரில் திரும்பவும் பதற்றம் வந்தபோது, "பார்த்தீரோ, மரம் நிண்டபடியால் ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்பேல்லை" என்றார். அவளுக்கும் அன்றைக்கு மரங்கள் நின்றது ஆறுதலாகத்தான் இருந்தது.

இப்போது சண்டை நின்றிருந்தது. யாழ்ப்பாணப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகவில்லை. சாவகச்சேரியில் இருக்கிற தமையனைப் பார்க்கப் பத்மநாதன் தனியே புறப்பட்டுப் போயிருந்தார். அவளுடைய முழங்கால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க விடாது. போகிற அன்று கேற்றடியில் நின்று, "முன்பக்கத்து லைற்றைப் போடாதையும். ஆரும் கூப்பிட்டால் ஆளைப் பார்த்துப்போட்டுத் திறவும்" என்றார். ஒவ்வொரு நாளும் சொல்வதுதான். அன்றைக்கும் சொன்னார்.

விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சத்தியபாமாவைப் பின்மதிலுக்கு அப்பாலிருந்து ஜெனீரா கூப்பிட்டாள். தாஸிமின் மனைவி. பஸார் வீதியில் அவர்களுக்குப் புடவைக்கடை. போன வருடம்தான் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பி, மேலே மொட்டைமாடியாகத் தட்டுப் போட்டிருந்தார்கள்.

"டீச்சர், அத இங்க கொண்டு வாங்க. எங்கட தட்டுல நல்ல வெயில் ஈக்கி. ஒரு மணித்தியாலத்துல காஞ்சிரும்."

முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படியேறி மேலே போனாள். ஜெனீரா விரிப்பை வாங்கிக் கம்பியில் போட்டுவிட்டு, அவளுக்கு ஒரு கதிரையை இழுத்து வைத்தாள். வெயில் முதுகில் விழுந்ததும் சத்தியபாமாவுக்கு உடம்பே இளகியது. எதிரே நமுனுகுல மலை மொத்தமாக நின்றது. உச்சியில் மட்டும் ஒரு துண்டு முகில். மலையின் அடிவாரம்வரை தேயிலை. எல்ல பக்கத்திலிருந்து ரயில் கூவுவது கேட்டது.

வீடு கட்டின புதிதில் இந்த மலையைத் தன் முன் அறை யன்னலிலிருந்தே பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது. கீழே குனிந்து தன்னுடைய வீட்டைத் தேடினாள். கூரையின் ஒரு மூலைகூடக் கண்ணில் படவில்லை. ஒரே கரும்பச்சைக் குவியல். பாழ்வளவு என்று யாரும் சொல்வார்கள்.

"ஜெனீரா, எங்கட வீடு எங்க?"

ஜெனீரா சிரித்தாள். "அதுக்குள்ளதான் டீச்சர். எங்கட மாமா, இவரோட வாப்பா, மௌத்தாகும் மட்டும் சொல்லிட்டே இருந்தார், பத்மநாதன் ஐயா ஊட்ட பொத்தி வச்சிட்டார் என்டு. நாங்களும் எப்படிச் சொல்ற, நீங்க கோவப்படுவீங்க என்டுதான் சும்மா இருந்த."

சத்தியபாமா சிரிக்கவில்லை. விரிப்புக் காயும்வரை கதிரையிலேயே இருந்தாள். இறங்கி வரும்போது முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பால் கொண்டு வந்த கருப்பம்மாவிடம் கேட்டாள். கருப்பம்மா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறவள், கொழுந்தெடுக்கப் போகுமுன் சில வீடுகளுக்குப் பால் ஊற்றுவாள். அவளுடைய புருஷன் மருதைக்குத் தோட்டத்தில் நிழல் மரம் வெட்டுகிற வேலை.

"மரமா? எல்லா மரமுங்களா டீச்சரம்மா?" கருப்பம்மா பால் போத்தலைக் கீழே வைத்துவிட்டு மரங்களை அண்ணாந்து பார்த்தாள். "ஐயா ஊர்ல இல்லியே."

"இல்லைத்தான். அதுதான் இப்ப கேக்கிறன்."

கருப்பம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "சரிங்க, ஞாயித்துக்கெழம காலையில கூட்டியாறேன்."

ஞாயிற்றுக்கிழமை மருதை கயிறும் கைவாளும் கோடரியும் கொண்டு வந்தான். உரச் சாக்கைக் குளிருக்குத் தோளில் போட்டிருந்தான். கருப்பம்மாவும் கூடவே வந்தாள், விழுகிற கிளைகளை விறகுக்குக் கட்டிக்கொண்டு போக.

பியர்ஸ் மரத்தில் தொடங்கினான். குளிருக்கு இலையெல்லாம் கொட்டிக் குச்சி குச்சியாக நின்ற மரம். ஒன்றோடொன்று உரசிய கிளைகளையும் நெட்டுக்கு நின்ற வாதுகளையும் எடுத்தான். "இது ஒண்ணும் பயமில்லீங்க. தேயிலைய கவ்வாத்து வெட்டுற மாதிரிதான். வெட்ட வெட்ட நல்லா வரும்" என்றான். ஆனைக்கொய்யாவில் ஏறி, கூரைக்கு மேலே படுத்திருந்த கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினான். பத்து மணித் தேநீருக்குள் சமையலறைக்கு வெளிச்சம் வந்துவிட்டது. கருப்பம்மா கிளைகளை ஒடித்து அடுக்கிக்கொண்டே லயத்துக் கதையெல்லாம் சொன்னாள். சத்தியபாமாவுக்கு நேரம் போனது தெரியவில்லை.

தேநீர் குடித்துவிட்டு மருதை முன்பக்கம் போனான். சைப்பிரஸ்களைச் சுற்றி வந்து, ஒரு மரத்தின் அடியில் கிளையை விலக்கி உள்ளே பார்த்தான். வெளியே பச்சை. உள்ளே எல்லாம் காய்ந்த குச்சி.

"டீச்சரம்மா, இது அப்பிடியில்லீங்க. இதப் பச்ச இருக்கிற எடத்தோட வெட்டணும். உள்ளுக்க வெட்டுனா தளிரு வராது. மதிலு ஒசரத்துக்கு வெட்டச் சொல்றீங்க, வெட்டுறேன். ஆனா பொறவு வெறுங் கட்டதான் நிக்கும். மறுபடி வேணும்னாலும் வளராது."

"நுனியை மட்டும் எடுத்தால்?"

"எடுக்கலாங்க. கூரைக்கு மேல கொஞ்சம் வெளிச்சம் வரும். யன்னலுக்கு வராது."

சத்தியபாமா மரத்தை நுனிவரை அண்ணாந்து பார்த்தாள். பியர்ஸ் என்றால் அவருக்குச் சமாதானம் சொல்லலாம், அடுத்த வருடம் தழைத்துவிடும் என்று. இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. இருபது வருடம் அவர் வளரவிட்டது. ஒரு காலை வேலையில் போய்விடும்.

"ஐயா வந்து ஏசமாட்டாங்களா?" என்று கேட்டாள் கருப்பம்மா.

"ஏசுவார்" என்றாள் சத்தியபாமா. பிறகு, "யன்னலுக்கு நேரே நிக்கிறதுகளை மதில் உயரத்துக்கு வெட்டுங்கோ. அந்தக் கரையில கேற்றுப் பக்கம் நிக்கிறதுகள் நிக்கட்டும்" என்றாள்.

முதல் மரம் முற்றத்தின் உள்பக்கமாகச் சரிந்தது. சைப்பிரஸ் பிசினின் வாசம் வீடெல்லாம் பரவியது. அவள் முன் அறைக்குள் போனாள். வெயில் ஒரு நீள்சதுரமாகச் சீமெந்துத் தரையில் விழுந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் அறையின் அழுக்கெல்லாம் தெரிந்தது. சுவர் மூலையில் ஒட்டறை, கதிரைக் கையில் தூசு, சுவாமிப் படத்துக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. விளக்குமாறை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அப்போதுதான் வெலிமடை பஸ் வந்தது. வளைவில் வேகம் குறைத்து, யன்னலுக்கு நேரே ஊர்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் வெட்டுகிற மரத்தையும் அதற்குப் பின்னால் புதிதாகத் தெரிந்த வீட்டையும் பார்த்தார்கள். ஒருவன் தலையை வெளியே நீட்டி நன்றாகவே பார்த்தான்.

அவளுக்கு என்ன நடந்ததென்று அவளுக்கே தெரியாது. கதவுக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். விளக்குமாறு கையிலேயே இருந்தது. பஸ் ஏற்றத்தில் உறுமி மறைந்த பிறகும் வெளியே வர முடியவில்லை. அரிசி மூட்டையின் சணல் வாசம் மூக்கில் ஏறியது. இவ்வளவு காலமும் பயம் அவருடையது, தான் அதற்குத் துணையிருப்பவள் என்றுதான் நினைத்திருந்தாள்.

வெளியே வாள் நின்றது. "டீச்சரம்மா, அடுத்ததையும் வெட்டவா?" மருதை கூப்பிட்டுக் கேட்டான்.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, யன்னலடியில் நின்றாள். வீதியில் ஒரு பெண் குடத்தோடு போனாள். அவள் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வெட்டுங்கோ" என்றாள்.

பின்னேரம் அவர்கள் போன பிறகு முன்பக்கத்தில் மதிலளவுக்கு வெறும் கட்டைகள் நின்றன. அவற்றுக்கு மேலே வீதி, வீதிக்கு அப்பால் தேயிலை, அதற்கும் மேலே நமுனுகுல. அவள் கதிரையை யன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மலை நீலமாகிக் கறுக்கும்வரை பார்த்திருந்தாள். இருட்டியதும் அவரைப் போலவே முன்பக்கத்து விளக்கைப் போடாமல் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பத்மநாதன் திரும்பி வந்தார். அவரை ஏற்றி வந்த த்ரீவீலர் வீட்டைத் தாண்டிப் போனதை அவள் யன்னலிலிருந்தே கண்டாள். வளைவுவரை போய், நின்று, திரும்பி வந்தது. அவர் இறங்கிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வீதியிலேயே நின்றார். தன் வீடுதானா என்று பார்க்கிறவர் போல.

கேற்றைத் திறந்து விட்டாள். அவர் உள்ளே வரவில்லை.

"இதென்ன செய்து வச்சிருக்கிறீர்?"

"உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

"ஆரைக் கேட்டு வெட்டினனீர்?"

"உங்களைக் கேட்டால் வெட்ட விட்டிருப்பியளோ?"

அவர் கட்டையொன்றின் வெட்டுவாயில் கையை வைத்துப் பார்த்தார். பிசின் விரலில் ஒட்டியது. அதைச் சேட்டில் துடைத்துவிட்டு, முன் அறையால் நிற்காமல் நடந்து சமையலறைக்குப் போய், அங்கே பலகைக்கட்டையில் உட்கார்ந்துகொண்டார். தேநீரைக் குடித்தார். சோற்றைத் தொடவில்லை.

"உமக்கென்ன தெரியும்" என்றார் கடைசியில். "நாளைக்கு ஏதும் நடந்தால் இதுக்குள்ள இருக்கிறது ஆர் எண்டு வீதியில போற எல்லாருக்கும் தெரியும். உமக்கென்ன தெரியும்."

சத்தியபாமா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நானும் அண்டைக்கு உங்களோடதானே மதில் பாய்ஞ்சனான். இந்த முழங்கால் அண்டைக்கு அடிபட்ட முழங்கால். நான் வீட்டில இருந்து கொண்டு நீங்கள் மட்டுமோ ஓடினனீங்கள்? எனக்கும் எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் வெட்டினனான். எனக்கு வெயில் வேணும்."

பத்மநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த முழங்காலைப்பற்றி இருவரும் இத்தனை வருடத்தில் ஒருநாளும் பேசியதில்லை. வயது போனால் வருகிற வாதம் என்றுதான் டொக்டருக்கும் சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த ஒடியல் மாவையும் பனங்கட்டியையும் எடுத்து மேசையில் வைத்தார்.

அன்றிரவு சாப்பிடும்போதுதான் ஊர்க் கதையைச் சொன்னார். சாவகச்சேரி வீட்டுக்குக் கூரை இல்லை. குசினி இருந்த இடத்தில் ஒரு வேம்பு, நல்ல பருமன். ஒழுங்கையில் ஒரு வேலியும் இல்லை, எந்த வளவு ஆருடையது என்று எல்லைக் கல்லைத் தேடித்தான் பார்க்கவேண்டும். தமையன் தகரக் கொட்டிலில் இருக்கிறார்.

"பயமில்லையோ எண்டு கேட்டன்" என்றார். "அண்ணர் சிரிச்சார். வேலி போட ஓலை விக்கிற விலையில பயப்படவும் ஏலாது எண்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பல நாட்கள் அவர் முன் அறைக்கு வரவில்லை. பேப்பரைச் சமையலறையில் வைத்துப் படித்தார். வீதியில் வாகனம் நின்றால் எழுந்துபோய்ப் பக்கத்து அறை யன்னலால் எட்டிப் பார்த்தார். ஒருநாள் பஸாருக்குப் போய், தாஸிமின் கடையில் தடித்த மண்ணிறத் துணி வாங்கி வந்தார். கம்பி அடித்து, அவரே திரைச்சீலை மாட்டினார். காலையில் அவள் அதை இழுத்துத் திறப்பாள். பின்னேரம் விளக்குப் போடுமுன் அவர் மூடுவார். அதைப்பற்றி இருவரும் சண்டை பிடிக்கவில்லை. மூடியான பிறகு முன் அறையில் விளக்கு எரிந்தது. அதுவரை இரவில் எரியாத விளக்கு.

மாசி முடிவில் பியர்ஸ் பூத்தது. சத்தியபாமா காலை வெயிலில் யன்னலடியில் காலை நீட்டிக்கொண்டு இருந்து, பழைய பாடசாலைப் பிள்ளைகள் யாராவது வீதியால் போனால் கூப்பிட்டுப் பேசினாள்.

வெட்டிய இடத்தில் என்ன வைப்பது என்பதில் மட்டும் இணக்கம் வரவில்லை. அவருக்கு உயர வளர்கிறது ஏதாவது வேண்டும். அவளுக்கு ரோசா. இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கருப்பம்மா ஒருவரையும் கேளாமல் கட்டைகளுக்கிடையே கொத்திப் போஞ்சி விதை ஊன்றிவிட்டாள். "சும்மா கெடக்குற மண்ணுதானுங்களே" என்றாள். கொடி கட்டைகளைப் பிடித்து ஏறி, சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே காய்க்கத் தொடங்கியது. ஜெனீரா வீட்டுக்கு ஒரு பை போயிற்று. கருப்பம்மா வேண்டியதைப் பறித்துக்கொண்டாள். மிச்சத்தை, மேய்ச்சலுக்குப் போகிற மாடுகள் வீதியிலிருந்தே மதிலுக்கு மேலால் தலையை நீட்டித் தின்றன.

அதைப் பத்மநாதனால் பொறுக்க முடியவில்லை. ஒரு காலையில் சத்தியபாமா எழுந்து வந்து பார்த்தபோது, முன் அறைக் கதிரை முற்றத்தில் இருந்தது. கம்பளிச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு, வீதியைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது, இந்தக் குளிருக்குள்ள?"

"மாடு வாற நேரம்" என்றார் அவர், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தச் செவலை ஒண்டு இருக்கு, அதுதான் பொல்லாதது. நீர் போய்த் தேத்தண்ணியை இஞ்ச கொண்டு வாரும்."